ரெஜிஸ்டருக்கு வலிக்காது

ஒரே வாரத்தில் பதினேழு ஏசி மெக்கானிக்குகள் வந்து பார்த்த பிறகும் ஏசி ஓடாத இடம் ஒன்றை என் உத்தியோக வாழ்க்கையில் அங்கே மட்டும்தான் கண்டேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. நான் அந்த ஆஸ்பத்திரியின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. இப்படி ஒரு உத்தியோகம் உலகத்தில் இருப்பதை என் அப்பா இன்றுவரை நம்பவில்லை. அதே ஊரில் ஆரியசாலைக் கடைத்தெருவில் மல்லியும் வத்தலும் மொத்த வியாபாரம் செய்கிறவர் அவர். தரம் என்றால் சாக்கில் குத்தூசியை விட்டு எடுத்து, உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்ப்பது என்றுதான் அவருக்குத் தெரியும். "நீ என்னத்தப் பாப்பே?" என்று கேட்டார். ரெஜிஸ்டரைப் பார்ப்பேன் என்றேன். "அப்பம் நோயாளிய ஆரு பாப்பா?" என்றார். அதற்குத் தனி ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்தத் தனி ஆள்தான் சிஸ்டர். பெயர் வேண்டாம். பாறசாலைக்குத் தெற்கே, தமிழும் மலையாளமும் ஒரே சட்டியில் வெந்துகொண்டிருக்கிற எல்லைப் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்கிய வயது. கொண்டையில் எப்போதும் ஒரு நீலப் பேனா செருகியிருக்கும். அந்தப் பேனாவால் அவர் எழுதிய உண்மைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் விதிப்படி அந்தப் பிரிவுக்குள் தாயும் தகப்பனும் மட்டும்தான் போகலாம், அதுவும் அரைமணி நேரம். வேறு யாராவது உள்ளே போனால் 'பழுது பார்ப்பவர்' என்ற தலைப்பின் கீழ் எழுத வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். நல்ல விதி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த வாரத்து மெக்கானிக்குகளில் ஒருவருக்கு வயது எண்பத்தொன்று. ஆறு பேர் பெண்கள். ஒரு மெக்கானிக்குக்கு ஏழு வயது. ரெஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மிடுக்கோடு போய் நின்றேன்.

"சிஸ்டர், ஏழு வயசுப் பிள்ளை ஏசி ரிப்பேர் பண்ணுமா?"

"அது அக்காளாக்கும் சாரே. தம்பி மரிக்கதுக்கு முன்ன ஒரு தடவ பாக்கணும்ணு கேட்டா. வீட்டுல அதுக்கொரு தொப்பி பின்னி வச்சிருந்தா."

"அதை அப்படியே எழுத வேண்டியதுதானே?"

"எழுதினா நீங்க விடுவியளா?"

விடமாட்டேன். அது அவருக்கும் தெரியும். நான் பொய்ப் பதிவின் விபரீதங்களை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பால் புகட்டும் பாலாடையைக் கழுவிக்கொண்டே கேட்டார். பிறகு ரெஜிஸ்டரை என் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்து, அதன் அட்டையில் ஒரு தட்டு தட்டினார்.

"சாரே, இதுக்கு வலிக்குமா? உள்ள கெடக்கிற பிள்ளைக்கு வலிக்கும். அதுக்க அம்மைக்கு வலிக்கும். இஞ்ச வலிக்காத ஒண்ணு இதுதான். அதனால இதுக்கிட்ட பொய் சொல்லுதேன்."

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். 'ஏசி பழுதுபார்ப்பு திருப்திகரமாக இல்லை' என்று குறித்துக்கொண்டு திரும்பினேன். அதன் பலனாக மறுநாள் உண்மையிலேயே ஒரு மெக்கானிக் வந்தார். அவரை உள்ளே விட சிஸ்டர் மறுத்துவிட்டார்.

எக்ஸ்ரே என்று எழுதுவார். நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும், படம் இருக்காது. விசாரித்தால், கீழ்த்தளத்து முற்றத்தில் ஒரு தாய் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சன்ஷேடுக்கு அடியில் உட்கார்ந்திருந்ததாக செக்யூரிட்டி சொல்லுவார். அது மிதுன மாசம், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை மழையைப் பார்க்காமல் போய்விடக்கூடாது என்று தாய் கேட்டிருக்கிறாள். 'வாய் சுத்தம் செய்தல்' என்று எழுதினால் தாய்ப்பாலை ஒரு சொட்டு நாக்கில் தடவியிருக்கிறார் என்று அர்த்தம். 'அலாரம் சோதனை' என்றால் யாரோ ஒரு தகப்பன் உள்ளே நின்று மெதுவாகப் பாடியிருக்கிறான். ஆறேழு மாதத்தில் அவருடைய ரெஜிஸ்டரை நான் கதைப் புத்தகம் மாதிரிப் படிக்கப் பழகிவிட்டேன். அறிக்கையில் ஒன்றும் எழுதவில்லை. கருணையால் என்று நினைத்துவிட வேண்டாம். எழுதினால் இத்தனை நாள் கண்டுபிடிக்காதது என் குற்றமாகிவிடும்.

மற்றவர்கள் கதை வேறு. எங்கள் ஆஸ்பத்திரியில் காகிதத்திடம் எல்லோரும் அரிச்சந்திரன்கள். நாடித்துடிப்பு, மூச்சு, மருந்தின் அளவு ஒன்றும் பிசகாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம்தான் யாருக்கும் வாய் வராது. பெரிய டாக்டரிடம் ஒரே ஒரு சொல் இருந்தது. 'நோக்காம்.' பார்க்கலாம் என்று அர்த்தம். குழந்தை வந்து சேரும்போதும் நோக்காம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவருக்கே தெரிந்த பிறகும் நோக்காம். தகப்பன்மார் அந்த ஒரு சொல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஓடுவார்கள். ஆளுக்கு நூற்றெட்டு.

சிஸ்டர் அந்தப் பெஞ்சில் போய்ப் பக்கத்தில் உட்காருவார். சாப்பிட்டாயா என்று கேட்பார். பிறகு, "பிள்ளை மரிக்கும் மக்கா" என்பார். தவறிவிடும், போய்விடும், கைவிட்டுப் போகும் என்றெல்லாம் சுற்றி வளைக்க அவருக்குத் தெரியாது. மரிக்கும். சாவும். அவ்வளவுதான். காலையில் பேப்பர் வந்தால் முதலில் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் திறப்பார். அதில் காலமானார் என்பதற்கு மலையாளத்தில் 'நிர்யாதனாயி' என்று போட்டிருப்பதைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "மரிச்சுண்ணு எழுதினா மை தீந்து போவுமோ? வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டே எழுதுதானுவ" என்பார். போனான், வந்தான் என்பதெல்லாம் அவர் அகராதியில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் மட்டும்தான்.

இதனால் அவர்மேல் மூன்று புகார்கள் வந்தன. சிஸ்டர் மரியாதை இல்லாமல் பேசுகிறார், நெஞ்சில் ஈரமில்லை, இத்யாதி. நான் கொச்சியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தேன். இங்கிதமாகப் பேசும் பயிற்சி, ஒரு நாள், மதியச் சாப்பாட்டுடன். கோட்டு போட்ட அந்த மனிதர் 'மரணம்' என்ற சொல்லைத் தடைசெய்தார். பதிலாக 'எதிர்மறை விளைவு' என்று சொல்லலாமாம். பிறகு தானே ஒரு தகப்பனாக நடித்துக்கொண்டு சிஸ்டரின் எதிரே வந்து உட்கார்ந்து, "என் குழந்தைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

சிஸ்டர் நாற்காலியை அவருக்கு அருகில் இழுத்துப் போட்டார். "ஒத்தைக்கா வந்தே? கூட ஆரும் இல்லியா?"

இந்தக் கேள்வி பயிற்சியாளரின் தாளில் இல்லை. இல்லை என்று தலையாட்டினார்.

"உனக்க பிள்ளை மரிக்கும் மக்கா. இன்னைக்கா நாளைக்காண்ணு எனக்குத் தெரியாது. மரிக்கது வரைக்கும் அதுக்கு வலிக்காம நான் பாத்துக்கிடுதேன். நீ அதுக்கக் கையப் பிடிச்சுக்கிட்டு இரு. அது உனக்க வேல."

பயிற்சியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டார். தடைசெய்யப்பட்ட சொல்லை இரண்டு முறை பயன்படுத்தியது காரணம். அந்தத் தாள் இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

சாந்த்வன பரிசரண தினம் என்று ஒன்று கொண்டாடினோம். குணப்படுத்த முடியாதவர்களுக்கு வலியைக் குறைத்து ஆறுதல் தருகிற சிகிச்சைக்கு மலையாளத்தில் அந்தப் பெயர். பலூன் கட்டினோம். பச்சிளங்குழந்தைகளுக்கும் அது தேவை என்று மூன்று பேர் முக்கால் முக்கால் மணி நேரம் படம் போட்டுப் பேசினார்கள். சிஸ்டரைப் பூச்செண்டு கொடுக்கக் கூப்பிட்டிருந்தோம். சிறப்பு விருந்தினர் செண்டை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்காகச் சிரித்தபடி, நீங்கள் அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "பிள்ளைய அம்மைக்க கையில குடுப்பேன் சார்," என்றார் சிஸ்டர். அப்புறம் என்று அவர் கேட்டார். "பெறவு வெளிய வந்து நிப்பேன்." கூட்டம் இதை அடக்கத்தின் வெளிப்பாடு என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது.

இனி என் பராக்கிரமத்தைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியை விட்டு ஒரு நோயாளி வெளியேறும் படிவத்தில் முன்பு ஏழு கட்டங்கள் இருந்தன. நான் அதை எளிமைப்படுத்தி மூன்றாக்கினேன். குணமாகிப் போகிறார். மருத்துவ ஆலோசனையை மீறிப் போகிறார். இறந்து போகிறார். மனிதன் வேறு எப்படிப் போவான்? அந்த ஆண்டின் சிறந்த சீர்திருத்தம் என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். இரண்டாவது கட்டத்துக்குக் கீழே தகப்பன் கையெழுத்துப் போட நான்கு வரி எழுதி வைத்திருந்தேன். 'என் குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்று நன்கு அறிந்தும், என் சொந்த விருப்பத்தின் பேரில், சிகிச்சையை மறுத்துக் கொண்டுபோகிறேன். விளைவுக்கு நானே பொறுப்பு.' வாக்கியம் கச்சிதமாக விழுந்திருப்பதாக அப்போது பெருமைப்பட்டேன்.

மறு வருஷம் என் தங்கைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் குழந்தை பிறந்தது. ஆண். கைவிரல்களை இறுக மடக்கிக்கொண்டு பிறந்தான். இதயத்தில் ஓட்டை. ரத்தப் பரிசோதனையில் குரோமோசோம் கோளாறு என்று வந்தது. பெரிய டாக்டர் நோக்காம் என்றார். சிஸ்டர் என் தங்கையின் கட்டிலில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "மரிக்கும் மக்கா. ஒரு வாரமோ பத்து நாளோ" என்றார். தங்கை அழுதாள். அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். என் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொள்ள முடியுமா? அதுவரை அவள் கண்ணாடிப் பெட்டியின் ஓட்டைக்குள் கைவிட்டு அவன் உள்ளங்காலைத்தான் தொட்டிருந்தாள்.

குழந்தைக்கு மூச்சுக்குழாய் எதுவும் போடவில்லை. மூக்கில் சிறிய ஆக்சிஜன் குழாய், திணறல் வந்தால் கொடுக்கச் சொட்டு மருந்து, அவ்வளவுதான். கொண்டுபோகலாம். ஆனால் மூன்று கட்டங்களில் எதில் குறிப்பது? குணமாகவில்லை. இறக்கவில்லை. மிச்சம் இரண்டாவது.

என் தங்கை மாப்பிள்ளை நாகர்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியார். எறும்பைக்கூட ஊதித் தள்ளிவிட்டு உட்காருகிற ஆள். அவரிடம் படிவத்தைக் கொடுத்தார்கள். பேனாவைப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என் அறைக்கு வந்தார்.

"மச்சான், எம் பிள்ளைய நானே கொன்னேம்னு எழுதிக் கேக்காவ. எந்தப் படுபாவி எழுதினான் இத?"

படுபாவி அவருக்கு டீ சொன்னான். படிவத்தை மாற்ற முடியுமா என்று தங்கை போனில் கேட்டாள். நாலாவதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டுமானால் ஆவணக் குழுவில் வைக்க வேண்டும், குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும், அடுத்த கூட்டத்தில் நானே வைக்கிறேன் என்று விளக்கினேன்.

"அதுவரைக்கும் பிள்ளை இருப்பானா அண்ணே?" என்றாள். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. எனக்கு அந்த நிமிஷம் என் சான்றிதழைக் கிழித்துப் போடலாம் போல் வந்தது. கிழிக்கவில்லை, கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது.

ஐந்தாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இங்கே, தாய் ஆரியசாலையில். எட்டாம் நாள் காலையில் சிஸ்டர் என் அறைக்கு வந்தார். ஒரு கேட் பாஸை மேஜையில் வைத்தார். நம்முடைய இதய எக்கோ மெஷின் பழுது, குழந்தையை வெளியே எக்கோ பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும் என்று எழுதியிருந்தது. போகும் இடம்: ஆரியசாலை.

ஆரியசாலையில் மல்லி கிடைக்கும், சீரகம் கிடைக்கும், ஏழு வகை வத்தல் கிடைக்கும். எக்கோ கிடைக்காது. நான் அங்கே பிறந்து வளர்ந்தவன்.

"பெரிய டாக்டர்கிட்ட கேட்டியளா?"

"கேட்டேன். நோக்காம்ணு சொன்னாரு. நோக்கட்டும். நாம போயிட்டு வரலாம்."

நான் கையெழுத்துப் போட்டேன். தெரிந்தேதான் போட்டேன். இதை இங்கே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

ஆம்புலன்ஸில் நான் முன்னால் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையும் சிஸ்டரும் குழந்தையோடு பின்னால். கடைசி நிமிஷத்தில் யாராவது மறித்துவிடுவார்கள் என்று தங்கையிடம் நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வண்டி கேட்டைத் தாண்டிய பிறகு சிஸ்டர் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது எங்கள் பெரியம்மை. அம்மா இல்லாத வீடு என்று, பேறுகாலம் பார்க்கக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்திருந்தாள். மலையாளம் தெரியாது. சிஸ்டர் பேசுவதையும் மலையாளம் என்றே நினைத்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். சிஸ்டர் சொன்னது இதுதான், நான் முன்சீட்டிலிருந்து என் காதால் கேட்டேன்.

"பிள்ளை இஞ்சேருந்து போயாச்சு, கேட்டியளா. நாங்க கொண்டு வாறோம். எல்லாம் ஒருக்கி வையுங்க. தள்ளைய குளிப்பாட்டி உக்கார வையுங்க."

புறப்பட்டாயிற்று, எல்லாவற்றையும் தயாராக வையுங்கள், தாயைக் குளிப்பாட்டி உட்காரவையுங்கள். ஒரு சொல்லிலும் பிழையில்லை. உலகத்தில் வேறு யார் சொல்லியிருந்தாலும் பெரியம்மை புரிந்துகொண்டதுதான் அர்த்தமாக இருந்திருக்கும். 'போயாச்சு' என்பதைப் போயாச்சு என்ற பொருளில் மட்டும் சொல்கிற ஒரே பிறவி எங்கள் சிஸ்டர் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

கிழக்கேகோட்டையில் வண்டி நகரவில்லை. சாலைக் கடைத்தெருவுக்குள் லாரிகள் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தன. சைரனுக்கு வழிவிடத்தான் எல்லோரும் துடித்தார்கள், வழிதான் இல்லை. முக்கால் மணி நேரம். ஒரு சாவு வீடு கூடுவதற்கு ஆரியசாலையில் அதில் பாதி போதும்.

தெருமுனையில் இறங்கும்போதே பார்த்தேன். கடைகள் பாதி ஷட்டர் இறக்கியிருந்தன. எங்கள் வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்பா ஒரு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். வியாபாரிகள் சங்கச் செயலாளர், எந்தத் துக்கத்துக்கும் முதல் ஆளாக வருகிறவர், கையில் ரீத் என்கிற மலர்வளையத்துடன் நின்றார். உள்ளே பெண்கள் அழுகிற சத்தம். மாப்பிள்ளை முகம் வெளிறிப்போய், "மச்சான், யாரு செத்தா?" என்றார்.

சிஸ்டர் துணிப்பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். ஆக்சிஜன் உருளையை நான் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். கூட்டம் எழுந்து நின்று வழிவிட்டது. செயலாளர் ரீத்தை நீட்டியபடி ஓர் அடி முன்னால் வந்து, பொதிக்குள் எட்டிப் பார்த்தார். பொதி கொட்டாவி விட்டது.

அந்த மனிதர் ரீத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்த வேகத்தை நான் மறக்கமாட்டேன். சரிகை எழுத்தில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டிருந்த ரிப்பனைப் பின்பக்கமாகவே உருவிச் சட்டைப்பைக்குள் திணித்தார். "பிள்ளைக்குப் பூ கொண்டாந்தேன்," என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

தங்கை உள்ளறையில் தலை நனைந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சிஸ்டர் குனிந்து பொதியை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் சிஸ்டர். உயிரோட இருக்கும்போது தரலயே. இப்பம் எதுக்கு?"

நடந்தது என்ன என்று சிஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது. பெரியம்மையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"மரிக்கேல்ல மக்கா. இனிதான் மரிக்கும். இப்பம் உயிரோட இருக்கு. பிடி."

இப்படி ஓர் ஆறுதல் மொழியை எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தரமாட்டார். தங்கை முதலில் ஒரு விரலால் அவன் கன்னத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. அப்புறம் வாங்கினாள். வாங்கிய பிறகுதான் அழுதாள், சிரித்தாள், திட்டினாள், என்னவெல்லாமோ செய்தாள். நான் உருளையைப் பிடித்தபடி விசித்து விசித்து அழுதேன். சிஸ்டர் எழுந்து வெளியே போய்ப் படியில் நின்றுகொண்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. போவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. செயலாளர் உள்பட அத்தனை பேரும் கைகழுவிவிட்டு வரிசையாக வந்து பிள்ளையைப் பார்த்தார்கள். சாயங்காலம் தங்கை அவனைத் தூக்கிக்கொண்டு கீழே அப்பாவின் கடைக்குள் போனாள். நான் ஆக்சிஜனோடு பின்னால் போனேன். ஒவ்வொரு சாக்காக நின்று, "இது மல்லி. இது சீரகம். இது தாத்தாவுக்குப் பிடிச்ச சுக்கு" என்று காட்டினாள். வத்தல் பக்கம் கொண்டுபோகவில்லை, தும்முவான் என்று. அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்து ஒரு மல்லி விதையை நசுக்கி அவன் மூக்கருகே பிடித்தார்.

சிஸ்டர் சொட்டு மருந்து கொடுக்கிற விதத்தைத் தங்கைக்கு மூன்று தடவை செய்துகாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். ரெஜிஸ்டரில் 'வெளிப் பரிசோதனை தொடர்கிறது' என்று எழுதினார். மறுநாள் காலை டியூட்டிக்கு முன்னால் ஒருமுறை வந்து பார்த்தார். அன்று மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், தங்கையின் மடியில் அவன் இறந்தான். திணறவில்லை. மடக்கியிருந்த விரல்களுக்குள் அவள் தன் சுண்டுவிரலை நுழைத்து வைத்திருந்தாள். எங்கள் குடும்பத்துக்கு அந்த ஒன்றேகால் நாள் கிடைத்தது.

விஷயம் வெளியே வந்தது என் இலாகாவின் திறமையால். மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் போனுக்கு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலிருந்து ஒரு செய்தி போனது. 'எக்கோ சேவை எப்படி இருந்தது? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்?' வாத்தியாருக்குப் பொய் எழுதத் தெரியாது. 'எக்கோ எடுக்கவில்லை. சிஸ்டர் எங்கள் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். நாங்கள் உயிருள்ளவரை மறக்கமாட்டோம். ஐந்து நட்சத்திரம்' என்று மனமுருகி எழுதினார். ஐந்து நட்சத்திரம் வாங்கும் பதில்களெல்லாம் நேரே மேலிடத்துக்குப் போகும். அதுவும் நான் செய்த ஏற்பாடு.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு. என்னையும் சிஸ்டரையும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். கேட் பாஸில் என் கையெழுத்து இருந்தது. எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய சமயம். இது எக்கோவுக்கல்ல என்று உங்களுக்குத் தெரியுமா என்று மலையாளத்தில் கேட்டார்கள்.

"இல்ல," என்றேன். இல்லை என்பதற்கு இரண்டு மொழியிலும் ஒரே சொல்தான். "சிஸ்டர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்."

பக்கத்து நாற்காலியை நான் பார்க்கவில்லை. அவரிடம் கேட்டார்கள். "சாருக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஏமாத்தினேன்," என்றார், ஏசி மெக்கானிக் என்று எழுதுகிற அதே குரலில். விசாரணைக் குழுவையும் அவர் ரெஜிஸ்டரோடு சேர்த்துவிட்டார் போலிருக்கிறது. அவரைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். நாலு மாதம் படுக்கை விரிப்பு எண்ணிவிட்டு வேலையை விட்டுப் போனார். விசாரணையில் என்ன சொன்னாய் என்று வீட்டில் தங்கை கேட்டாள். சொன்னேன். "எம் பிள்ளைய எனக்குத் தந்தாவ. அவியளப் போயி இப்பிடிச் சொல்லிட்டு வந்திருக்கியே அண்ணே," என்றாள். அவள் பிறகு என்னோடு பேசத்தான் செய்கிறாள். சாப்பிட வா, மழை வருது, அப்பாவுக்கு மாத்திரை என்று தேவையானதைப் பேசுகிறாள்.

அந்த விசாரணையின் விளைவாகப் படிவத்தில் நான்காவது கட்டம் வந்தது. 'வீட்டில் ஆறுதல் பராமரிப்புக்காக.' வடிவமைத்தவன் நான். அதற்கும் சான்றிதழ் உண்டு. முதலாவதற்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

போன மாதம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் சிஸ்டரைப் பார்த்தேன். பாறசாலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று திரும்பினேன், அதற்குள் அவர் "சாரே" என்று கூப்பிட்டுவிட்டார். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அடுத்த பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்றேன். சந்தோஷப்பட்டார். கடைசியில் கேட்டேவிட்டேன்.

"சிஸ்டருக்கு எம்மேல வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

நம் ஊரில் இது கேள்வியே அல்ல. ஏய், அதெல்லாம் ஒண்ணுமில்ல என்று எதிராளி சொல்லவேண்டும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு அவரவர் பஸ்ஸில் ஏறவேண்டும்.

"உண்டு," என்றார் சிஸ்டர்.

அவர் முகத்தில் கோபம் எதுவுமில்லை. நாடி பார்த்துச் சொல்கிறவரின் முகம்.

"எனக்க வேல போனதுக்கு அல்ல சாரே. இப்பம் ஒரு அம்மை வந்து, எம் பிள்ளைய வீட்டுக்குக் கொண்டு போணும்ணு கேட்டா, அஞ்ச ஆஸ்பத்திரியில ஆரு இருக்கா?"

நான் அவசரமாக நான்காவது கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்று டாக்டர்களின் கையெழுத்து, ஒரு கமிட்டியின் ஒப்புதல், எல்லாம் முறைப்படி, பொய்யே தேவையில்லை என்று விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"நல்லது. ரெண்டு வருசமாச்சே. அதுல எத்தன பிள்ளைய வீட்டுக்கு விட்டிய?"

பஸ் வந்து நின்றது. ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். சிஸ்டர் ஏறாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிக்கையில் எழுதுவதுபோல் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"ஒண்ணுகூட இல்ல சிஸ்டர்," என்றேன்.